கூரைத் தண்ணீர்

பத்தூமியில் மழை நிற்பதில்லை.
நடுவே கொஞ்சம் மூச்சு வாங்கும்,
கருங்கடலிடம் கடன் கேட்டுத் திரும்ப வரும்.

நவம்பரில் சியாலா இத்தாலிக்குப் போனாள்,
பாரி நகரத்தில் யாரோ ஒருவரின் தாய்க்கு
சூப் ஊட்டவும் நகம் வெட்டவும்.
பழைய ஓப்பல் என் கைக்கு வந்தது.

பதினோரு வருடம் ஓட்டியவள் அவள்.
பேக்கரித் தட்டுகளைப் பின்னால் அடுக்கிக்கொண்டு
விடியும் முன்னே கடை கடையாய்ப் போவோம்.
நான் இறக்கிக் கொடுக்கிறவன்,
பக்கத்து இருக்கைக்காரன்.

முதல் நாளே நடந்தது.
வாசலில் நிறுத்தினேன், கதவைத் திறந்தேன்.
கூரை விளிம்பிலிருந்து ஒரு உழக்குத் தண்ணீர்
குறி பார்த்துக் காத்திருந்ததுபோல்
இடது தொடையில்.

மறுநாளும் தொடை.
அதற்கடுத்த நாள் கொஞ்சம் நடுவே.
கடைக்காரப் பெண்கள் என் கால்சட்டையைப் பார்த்தார்கள்,
பிறகு ரொட்டிகளை ரொம்பக் கவனமாக எண்ணினார்கள்.
ஜன்னல் பொத்தான்களைச் சுற்றிச் சின்னக் குளம்.
ஈர இருக்கையில் பழைய நாயின் வாசனை.
எங்களிடம் நாய் இருந்ததே இல்லை.

ரப்பர் மாற்றினேன், நாற்பது லரி.
சிலிக்கான் பூசினேன். விரலில்தான் ஒட்டியது.
கடைசியில் ஜும்பேரின் பட்டறை.

அவன் ஸ்டூலில் ஏறிக் கூரைமேல் ஒரு வாளி ஊற்றினான்.
உள்ளே படுத்து, கிரகணம் பார்க்கிறவனைப் போல
ஒற்றைக் கண்ணை இடுக்கி அண்ணாந்து பார்த்தான்.
ஒரு சிகரெட் நேரம் ஆயிற்று.

"வண்டி ஒழுகவில்லை," என்றான்.
"தண்ணீர் மேலே உட்கார்ந்திருக்கிறது.
நீ பூப்போல நிறுத்துகிறாய். அதற்கு எழுந்திருக்கக் காரணமில்லை.
கதவைத் திறந்தால் உள்ளே வருகிறது, யாராக இருந்தாலும் வரும்.
முன்னால் ஓட்டியது யார்?"
"மனைவி."
"எப்படி நிறுத்துவாள்?"

எப்படி நிறுத்துவாள்.
வாசலுக்கு வந்ததும் ஒரே மிதி.
தட்டுகள் இடித்துக்கொள்ளும். என் நெற்றி முன்னே போய்வரும்.
பிரேக்கை மிதிக்காதே, தடவு என்பேன்.
கட்டை தேய்கிறது, காசு உன் அப்பனா கொடுக்கிறான் என்பேன்.
அதற்குள் கூரைத் தண்ணீர் முழுக்க
முன்கண்ணாடியில் சரிந்து
வீடு, வேலி, பேரிக்காய் மரம் எல்லாம் கரைந்துபோகும்.
வைப்பர் ஒரு தடவை.
வேலி திரும்ப வரும், வீடும்.
பிறகுதான் கதவைத் திறப்பாள்.

பதினோரு வருடம் என் கால்சட்டை நனைந்ததில்லை.
அந்தத் தண்ணீர் போகிற சத்தத்தை
நான் கேட்டதும் இல்லை.
அப்போது நான் கத்திக்கொண்டிருப்பேன்.

ஜும்பேர் காசு வாங்கவில்லை.
வாளியைக் கவிழ்த்து வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னேன்.
சொல்ல வேண்டியதை எப்போதும்போல்
வண்டியைப் பற்றியதாக ஆக்கிச் சொன்னேன்.
"எந்தத் தண்ணீர்?" என்றாள்.
"கூரைத் தண்ணீர். நீ அதற்காகத்தானே..."
"எதற்காகவும் இல்லை நோதர்.
எனக்கு மெதுவாக நிறுத்த வராது.
நீதானே தினமும் சொல்வாய்."

பின்னாலிருந்து ஒரு கிழட்டுக் குரல்
லூச்சியா, லூச்சியா என்று கூப்பிட்டது.
அந்தப் பெயருக்கு
சியாலா "இதோ" என்று பதில் சொல்லிப் போனாள்.
போனை அணைக்க மறந்திருந்தாள்.
கொஞ்ச நேரம் அங்கே ஓடுகிற குழாயைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இன்று காலை நாலரை மணி.
முதல் கடை வாசலில் மிதித்தேன்,
பயந்து பயந்து, ஆனாலும் மிதித்தேன்.
கண்ணாடி வெள்ளையானது.
ஒரு ரொட்டி தட்டிலிருந்து எகிறிப்
பக்கத்து இருக்கையில் வந்து விழுந்தது.

அதை எடுத்துச் சட்டையில் துடைத்தேன்.
துடைக்க ஒன்றுமில்லை.
இருக்கை காய்ந்துதான் கிடந்தது.