ஐந்தரைக்குப் பிறகு

பகலில் நான் கூட்டுறவு வங்கிக் காசாளர்.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம்,
சதத்துக்குச் சதம் கணக்கு.
ஐந்தரைக்குப் பிறகு
நீர்வேலிச் செம்மண்ணில் சாக்கை விரித்து
மெசினுக்குக் கீழே மல்லாந்து கிடப்பேன்.

போர்டு இன்னும் எழுதவில்லை.
ஸ்பானர் செற் கடனுக்கு எடுத்தது.
ஜாக்கி மச்சானுடையது,
ஞாயிறு திருப்பிக் கொடுக்கவேணும்.

முதல் ஆளாய்க் குலவீரசிங்கத்தார் வந்தார்,
தன் மெசினை
இன்னொரு மெசினில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு.
"பம்ப் போச்சாம்,
கொழும்புக்குத்தான் அனுப்பவேணுமாம்."

சாவியைத் திருப்பச் சொல்லிக் காதை வைத்தேன்.
பம்ப் இல்லை. எங்கேயோ காற்று இழுக்கிறது.
ஒரு செப்பு வாசர், நகமளவு,
வெடித்துப்போய்க் கிடந்தது.
மாற்றினேன். நட்டைத் தளர்த்தி
லீவரைக் கையால் அடிக்க அடிக்க
டீசல் நுரைத்தது, நுரைத்தது,
பிறகு தெளிந்து ஓடியது.

ஒரு இருமல். கறுப்புப் புகை.
அயல் நாய்கள் குரைக்க
நின்ற இடத்திலேயே அதிர்ந்தது மெசின்.

"எவ்வளவு தம்பி?"

பகல் முழுக்க மற்றவர் காசை எண்ணுகிற வாய்
ஒட்டிக்கொண்டது.
ஐந்நூறு என்றேன்.
குசினி யன்னலில் தர்மினி இருமினாள்.

கிறீஸ் கையைச் சாரத்தில் துடைத்து
நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்:
"வாசர் காசு புறம்பு."