பன்னிரண்டு சுற்றும் குழாயடியும்

மார்த்தாண்டத்து டாக்டர் சீட்டில் எழுதினார்:
தினம் மூன்று மைல்.
எழுபத்தொரு வயது மனுஷன்,
இன்னும் மைலில்தான் நடக்கிறார்.
என் போன் கிலோமீட்டரில் பேசும்.
தூத்தூர் மேட்டு மைதானத்துக்கோ
சுற்று மட்டும்தான் தெரியும்.

பி.டி. சார் டேப் பிடித்து சுண்ணாம்பு போட்ட பாதை.
உள்கோட்டில் ஒரு சுற்று நானூறு மீட்டர்,
நாலு சுற்று ஆயிரத்து அறுநூறு.
பட்டாளத்துக்கு ஆளெடுப்பு என்று ஓடுகிற பையன்கள்
அதை ஒரு மைல் என்கிறார்கள்.
ஒன்பது மீட்டர் குறையுதே மக்கா!
ரேஷன் கடையில் எடை போடுகிறவள் நான்.
ஒன்பது கிராம் குறைந்தால்
கார்டை மேசையில் விட்டெறிகிற ஊர் இது.

ஆக மூன்று மைலுக்கு
பன்னிரண்டு சுற்று, மேலே இருபத்தெட்டு மீட்டர்.
கோட்டிலிருந்து எட்டு வைத்து அளந்து பார்த்தேன்,
இருபத்தெட்டாவது மீட்டரில் குழாய்.
நல்லதாப் போச்சு.

எண்ணிக்கைக்குப் புளியங்கொட்டை.
இடது பையில் பன்னிரண்டு,
சுற்றுக்கு ஒன்று வலது பைக்குப் போகும்.
ஏழாவதில் நெஞ்சு அடிக்கும்போது
போட்டேனா போடலையா என்று குழம்பும்.
போடவில்லை என்றே வைத்துக்கொள்வேன்.
என் கணக்கில் எனக்கே சலுகை காட்டினால்
அப்புறம் மற்றவனை எப்படிக் கேட்பது?

பின்னாலிருந்து பையன்கள்
"அக்கா, ஓரம்" என்பார்கள்.
ஓரம் என்றால் எட்டாம் கோடு.
அங்கே சுற்றுக்கு ஐம்பத்துமூன்று மீட்டர் கூடுதல்.
போட்டி என்றால்
வெளிக்கோட்டுக்காரியை அந்த அளவுக்கு
முன்னால் தள்ளி நிறுத்தணும், அதுதான் சட்டம்.
என்னை யாரும் தள்ளி நிறுத்தவில்லை.
அப்பா செத்தபின் வீட்டைப் பங்கு வைத்தபோதும்.

பிலோமின். என் அண்ணன்.
மூன்றரை சென்ட்டுக்காக
இரண்டு வருஷமாய்ப் பேச்சு இல்லை.
அவன் கரையில் இருக்கும் நாட்களில்
எங்களுக்கு நடுவே ஒன்பது அங்குலச் சுவர்.
அவன் தும்மினால் எனக்குக் கேட்கும்.
அந்தத் தூரத்தைச் சுற்றில் சொல்ல வழியில்லை.

போன வெள்ளிக்கிழமை
மதினி ஜெனோபா கடை வரிசையில் நின்றபடி
பின்னால் நிற்பவளிடம் சொல்வதுபோலச் சொன்னாள்,
சாட்டிலைட் போனில் பேசினாராம்,
முந்நூறு மைல் வெளியே கிடக்கிறாராம்,
மீனும் இல்லையாம், காற்றும் சரியில்லையாம்.
நான் சர்க்கரை நிறுத்துக்கொண்டிருந்தேன்.
தராசில் எண் நிலைகொள்ள
வழக்கத்தைவிட நேரம் எடுத்தது.

கடல் மைல் வேறே.
கரை மைலைவிட
இருநூற்று நாற்பத்துமூன்று மீட்டர் நீளம்.
ராத்திரி பழைய பில்லின் முதுகில் போட்டுப் பார்த்தேன்.
ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்திரண்டை
முந்நூறால் பெருக்கினால்
ஐந்து லட்சத்து ஐம்பத்தையாயிரத்து அறுநூறு.
நானூறால் வகுத்தேன்.
ஆயிரத்து முந்நூற்று எண்பத்தொன்பது சுற்று.
மீதி பூஜ்யம்.
நம்பாமல் மறுபடி வகுத்தேன்.
பூஜ்யம்தான்.
சர்வேயர் சங்கிலி பிடித்தும்
வக்கீல் மூன்று தரம் எழுதியும்
எங்கள் வீட்டில் ஒருநாளும் இப்படி வந்ததில்லை.

தினம் பன்னிரண்டு வீதம் போனால்
நூற்றுப் பதினைந்து நாள், பிறகு ஒன்பது சுற்று.
அதற்குள் அவன் போட்டு
தேங்காப்பட்டணத்தில் அணைந்துவிடும்.
சுவர் மறுபடி ஒன்பது அங்குலத்துக்கு வந்துவிடும்.

இன்றைக்குக் காற்று தெற்கிலிருந்து அடித்தது.
கடல் தெரிகிற வளைவில்
பையன்கள் கூப்பிடாமலே
எட்டாம் கோட்டுக்கு ஒதுங்கினேன்.
பன்னிரண்டு கொட்டையும் வலது பைக்குப் போயாச்சு.
குழாயடி வந்தது, தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.
நிற்கவில்லை.

பதின்மூன்றாவதற்குப் போட என்னிடம் கொட்டை இல்லை.
வெறும் கையை மூடிக்கொண்டு போனேன்.
டாக்டரிடம் இதைச் சொல்லப் போவதில்லை.