ஓட்டிய மணி: பூஜ்யம்

ரெசிடென்சி ரோடு, மூன்றாவது மாடி.
படிவத்தை என் பக்கம் திருப்பி வைக்கிறாள் எஸ்தர் புனிதா.
"இதே ரகத்தில் எத்தனை மணி நேரம்?"
ஆறு வருஷம் என்கிறேன்.
"அது கட்டினது மேடம்.
நான் கேட்கிறது ஓட்டினது."

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்றவர்கள்
விமானத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை.
நான்கு மரப்பெட்டி, துறைமுகத்தில் பத்தொன்பது நாள் காவல்,
எலகங்காவில் ஒரு தகரக் கொட்டகை,
ரிவெட் பதினோராயிரத்துச் சொச்சம்.
அதில் ஒன்று
கரண்ட் போய் கம்ப்ரசர் பாதியில் படுத்த சாயங்காலம்
இடது இறக்கையின் அடியில் சாய்வாக இறங்கிவிட்டது.
பரிசோதிக்க வந்தவர் கண்ணில் படவில்லை.
படிவத்திலும் அதற்குக் கட்டம் இல்லை.

மதிப்புக்கு இருக்கிறது.
என்ஜினுக்கு ரசீது உண்டு, பெயிண்டுக்கு உண்டு.
முந்நூறு ஞாயிற்றுக்கிழமைக்கு
ஜிஎஸ்டி எவ்வளவு என்று கேட்டேன்.
எஸ்தர் சிரிக்கவில்லை.
"பத்து மணி நேரம். இதே ரகம். பக்கத்தில் ஆசிரியர்.
அப்புறம்தான் பாலிசிக்கு உயிர்.
அதுவரை உங்கள் விமானம்
எங்களுக்கு ஒரு மேஜை மாதிரி."

ஜக்கூரில் ஒரு பல் டாக்டரிடம் என்னுடையதன் இரட்டைப்பிறவி.
அவர் ரிவெட்டுகள் வரிசை தவறாமல், அவர் தொழிலைப் போலவே.
வயிறு எரிந்தது.
கேப்டன் காவேரம்மா, வயது இருபத்தொன்பது,
ஜென்மத்தில் ஒரு ஸ்க்ரூ முறுக்கியதில்லை.
"ஏறுங்க" என்றாள்.

இருநூற்று நாற்பது மணி நேரம் என்னைச் சுமந்த பழைய செஸ்னா
எருமை. தட்டினால்
கொஞ்சம் யோசித்துத் திரும்பும்.
இது, நான் யோசிக்கும்போதே திரும்பியிருந்தது.
"ரெண்டு விரல் போதும்" என்றாள்,
"ஸ்பேனர் இல்லை அது."

மூவாயிரம் அடியில், கீழே ஏரி பாசி பிடித்துக் கிடக்க,
சொல்லாமல் த்ராட்டிலை இழுத்துவிட்டாள்.
"என்ஜின் போச்சு. சொல்லுங்க."
பம்ப்பா? வடிகட்டியா? அந்தக் குழாயை
மூன்று தரம் வளைத்தவள் நான்,
இரண்டாவது வளைவில் காற்று அடைத்திருக்குமோ
"ஏன்னு அப்புறம் பார்க்கலாம். எங்கேன்னு சொல்லுங்க."

கீழே பார்த்தேன்.
அதுவரை பார்க்கவில்லை.
கம்பிகள், குடியிருப்பு, ஒரு ராகி வயல்,
அதன் நடுவில் யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு.
"அந்த வயல்" என்றேன்.
"காத்து எந்தப் பக்கம்?"
தெரியவில்லை.

அன்று ஓடுபாதையில் மூன்று குதி.
தவளைக்கே வெட்கமாக இருந்திருக்கும்.
மேம்பாலத்தில் லாரிகள் நின்று பார்ப்பதாகத் தோன்றியது;
வெறும் சிக்னல் நெரிசல்.
மூன்றாவது குதி வரை அவள் கை
மடியிலேயே இருந்தது.
அதை நான் பிறகு, காபி குடிக்கையில்தான் கவனித்தேன்.

ஏழாவது மணியில் த்ராட்டில் போனதும்
என் தலை தானாகக் குனிந்து நிலத்தைத் தேடியது.
அன்றிரவு வீட்டுக்குப் போகாமல்
கொட்டகைக்குப் போய் டார்ச்சை வாயில் கவ்வி
அந்த ஒன்றைத் துளைத்து எடுத்தேன்.
எவர்சில்வர் டம்ளரில் அது விழுந்த சத்தம்
எறும்புகூடத் திரும்பிப் பார்க்காது.

பத்து மணி முடிந்த மறுநாள்
கடைசிப் பக்கம், இரண்டு கோடு:
தயாரித்தவர். விமானி.
இரண்டிலும் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

நாலு நாள் கழித்து எஸ்தர் போன்.
"மேடம், தப்பா நினைக்காதீங்க,
ரெண்டு கையெழுத்தும் ஒத்துப்போகலை."