இழு

சோஹாரில், விசாவுக்கு நெஞ்சைக் காட்டும் இடத்தில்
அறை எண் நான்கு என்னுடையது.
தாடையைப் பலகைமேல் வை, கை இடுப்பில்,
தோளை முன்னே கொண்டு வா.
இதுவரைக்கும் சைகை போதும்.
மூச்சுக்கு மட்டும் ஒரு வினைச்சொல் வேண்டும்.

அரபியில் எடுக்கிறார்கள்: குத் நஃபஸ்.
இந்தியிலும் அதேதான், சாஸ் லோ.
என் லீவில் வரும் மலையாளச் சிஸ்டர்
'வலிக்கூ, வலிக்கூ' என்பாளாம்.
நம் ஆட்கள் சட்டையில்லாமல் நின்றுகொண்டு
'இல்ல சிஸ்டர், வலிக்கல' என்பார்களாம்.

நான் சொல்வது: இழுங்க.

ஆறு வருடமாகச் சொல்கிறேன், நாளுக்குப் பதினைந்து தடவையாவது.
சும்மா கிடப்பதை எடுத்துக்கொள்ளலாம்.
இழுக்க வேண்டுமென்றால்
அந்தப் பக்கம் யாரோ பிடித்திருக்க வேண்டும்.

பிள்ளைக்கு இழுப்பு என்போம், ஆவி பிடிப்போம்.
மாமாவுக்கு ஒரு காலை நேரத்தில்
வாய் இடப்பக்கம் இழுத்துக்கொண்டது,
பல் துலக்கிய நுரை அப்படியே இருந்தது.
முந்தாநாள் வந்த வாட்ஸ்அப் குரலில் என் அண்ணி
அவரைத்தான் சொன்னாள்:
'ராத்திரியிலேர்ந்து இழுத்துக்கிட்டுக் கிடக்கு.'
கிடக்கு. கிடக்கிறார் இல்லை.
ஆள் இருக்கும்போதே
அஃறிணைக்கு மாற்றிவிடுகிற வினை இது.
அந்தக் குரலை நான் இரண்டாம் தடவை கேட்கவில்லை.

பக்கத்து அறைக் கதவில் 'சஹ்ப்' என்று எழுதியிருக்கிறது.
இழுத்தல். அங்கே ரத்தம்.
கீழ்த்தளத்து ஏடிஎம் திரையிலும் அதே மூன்று எழுத்து,
அங்கே பணம்.
ஹைப்பர் மார்க்கெட் வாசலில்
ரிப்பன் கட்டிய வெள்ளைக் காருக்கு மேலேயும் அதுதான்,
அங்கே குலுக்கல் சீட்டு.
ஊசியும் அதிர்ஷ்டமும் ஒரே சொல்லில்.
எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகிய முதல் வாரம்
எந்த வரிசையில் நிற்கிறேன் என்றே எனக்குக் குழம்பியது.

டோக்கன் நாற்பத்தேழு. மாசானமுத்து.
படிவத்தில் மஸானா மூத்து.
சாரம் கட்டுகிற வேலை, துறைமுகத்துப் பக்கம்.
'இழுங்க' என்றதும் பலகையிலிருந்து தாடையை எடுத்துவிட்டார்.
'அக்கா, தமிழா? எந்த ஊரு?'
'முதல்ல இழுங்க.'
'இழுத்துக்கிட்டுத்தான் இருக்கோம்.
கம்பெனி நாலு மாசமா சம்பளத்த இழுத்தடிக்கிறான்,
நாங்க இங்க மூச்ச...'
சிரித்தார். சிரித்தால் படம் கலங்கும்.
காத்திருந்தேன். இழுத்தார்.
விலா எலும்புகள் வரிசையாக மேலே ஏறின.
பொத்தானை அழுத்தினேன்.

வலது பக்கம், கழுத்தெலும்புக்குக் கீழே
ஈரக் கண்ணாடியில் பெருவிரல் வைத்து எடுத்தது போல
ஒரு மங்கல்.

'இன்னொரு தடவ.'
'ஏன்க்கா?'
'அசைஞ்சிட்டீங்க.'
அவர் அசையவில்லை.
இரண்டாவது படத்திலும்
பெருவிரல் அதே இடத்தில் இருந்தது.

படம் எடுப்பது வரைக்கும்தான் நான்.
மேல்மாடியில் இருப்பவர் பார்ப்பார், எழுதுவார்,
சளி கேட்பார்கள், ஒரு வாரம் ஆகும்,
பழைய தழும்பாகவும் இருக்கலாம்.
என்னை எதுவும் சொல்லக் கூடாது என்று
முதல் நாளே கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்.
'ரிசல்ட்டு இழுத்தடிக்க மாட்டாங்களே?' என்றார்
சட்டைப் பொத்தானை ஒன்று தவறிப் போட்டுக்கொண்டே.
'மெசேஜ் வரும்' என்றேன்.

போய்க் கதவைத் தள்ளினார்.
திறக்கவில்லை.
தோளைக் கொடுத்துத் தள்ளினார்,
சாரம் கட்டுகிற தோள்.
கைப்பிடிக்கு மேலே 'இஸ்ஹப்' என்று இருக்கிறது,
அரபியில் மட்டும்.
ஈயக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து
தலையை நிமிர்த்தாமலே சொன்னேன்:
'இழுங்க.'

சத்தமே இல்லை. நிமிர்ந்து பார்த்தேன்.
கதவுக்கு முகம் கொடுத்து,
கை இரண்டும் இடுப்பில்,
தாடை மேலே,
நெஞ்சு நிறைய இழுத்து
அப்படியே நிற்கிறார்,
நான் அடுத்ததைச் சொல்வேன் என்று.

வெளியிலிருந்து நாற்பத்தெட்டாம் டோக்கன்
கதவைத் தள்ளுகிறான்.