குளிர்பெட்டியை அணைத்துவிட்டு

இரவு பதினொன்றுக்குக் குளிர்பெட்டியின் பிளக்கைப் பிடுங்குவேன்.
அதன் ஐம்பது ஹெர்ட்ஸ் ரீங்காரம்
தம்புராவின் அடியில் பாசி மாதிரி படியும்.
மின்விசிறியும் கூடாது.
புக்கிட் பாத்தோக் புழுக்கத்தில், சட்டையில்லாமல்,
தரையில் டேப் ஒட்டிக் குறித்த இடத்தில் நாற்காலி.
இரண்டு ஒலிபெருக்கிக்கும் சரியாக ஏழடி.
தலையைச் சாய்த்தால் பாடகி நகர்ந்துவிடுவாள்.

பால் மூன்று முறை திரிந்தது.
சுகந்தி ஒன்றும் சொல்லவில்லை, பன்னீராக்கிவிட்டாள்.
கேபிளின் விலையை மட்டும்
இன்றுவரை அவளிடம் பாதியாகத்தான் சொல்லியிருக்கிறேன்.

எனக்குக் கேட்கும்:
பல்லவிக்கு முன் பாடகி எச்சில் விழுங்குவது,
கடக்காரரின் சட்டைப் பொத்தான் பானையில் உரசுவது,
நாலாவது நிமிடம் மேடைப் பலகை முனகுவது.
ராகம் என்னவென்று
உறையைத் திருப்பித்தான் பார்ப்பேன்.

பழைய ஆம்ப்ளிஃபயருக்கு விளம்பரம் போட்டேன்.
வந்தவர் தெய்வசிகாமணி. பேருந்து ஓட்டுகிறவர்,
சீருடை கூட மாற்றவில்லை.
நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை.
சமையலறை வாசலில்,
என் அளவுகள் எல்லாம் செத்துப்போகும் மூலையில்
நின்றபடியே கேட்டார்.

'பலகை முனகுது பாருங்க, இப்ப.'
'எந்தப் பலகை?'

வலக்கை தொடையில் விழுந்தது,
விரல் எண்ணியது, புரண்டது.
பாடகி மேல் ஷட்ஜத்துக்குப் போகுமுன்பே
அவர் கழுத்து அங்கே போய்க் காத்து நின்றது.
கூடவே பாடவும் செய்தார், சுருதிக்குக் கொஞ்சம் கீழே.
இருபத்திரண்டாயிரம் வெள்ளிச் சாமான்,
அதன் குறுக்கே ஒரு தொண்டை.
நிறுத்தச் சொல்ல வாயெடுத்தேன்.
சொன்னேனா என்று நினைவில்லை.

விலை படியவில்லை.
'இதைக் கோப்பிக் குவளைக்குள்ள போட்டாலே
நல்லா கேக்கும்' என்று கைப்பேசியைத் தட்டிக்காட்டினார்.
(கேட்காது. எல்லாம் நடுவில் அடைத்துக்கொண்டு
மூக்கால் பாடும். எனக்குத் தெரியும்.)

ஒன்பதாம் மாடியிலிருந்து பார்த்தேன்.
பேருந்து நிறுத்தத்தில், கை இன்னும் தொடையில்.
பாட்டு முடிந்து பத்து நிமிடம் ஆகியிருந்தது.

அன்றிரவு பிளக்கைப் பிடுங்க மறந்தேன்.
மறந்தேன் என்றுதான் சுகந்தியிடம் சொன்னேன்.
குளிர்பெட்டி பாட்டுக்கு முனகிக்கொண்டிருந்தது,
பாடகி அதன்மேல் ஏறி நிற்பது போலவும்
இல்லாதது போலவும்.
அது என்ன கட்டை என்று யாரிடமாவது கேட்கலாம்.
விளம்பரத்தோடு
அவர் எண்ணையும் அழித்துவிட்டேன்.