அயற்பொருள்

தராசுக்குக் கண்ணாடிக் கதவு உண்டு.
சாத்திய பிறகும் அது என் மூச்சைக் கண்டுகொள்ளும்,
மில்லிகிராமில் நூற்றில் ஒரு பங்கு எகிறும்.
அதனால் ஒவ்வொரு வடிதாளுக்கும்
ஒருதரம் மூச்சடக்குவேன்.
ஒரு நாளில் நூற்றிருபது தரம்.

கென்டக்கி மலைகளுக்குள் யார் யாரோ
காலரில் பம்பின் குழாயை மாட்டிக்கொண்டு
குனிந்தும் முழங்காலில் ஊர்ந்தும் கடந்த எட்டு மணி நேரம்
தபாலில் எனக்கு வருகிறது,
காசளவு வட்டங்களாக.

4417.
வெட்டு இயந்திர ஓட்டுநர், இரவு ஷிஃப்ட்.
பெயர்: ஓர்வில் டாக்கெட்.
நீர்த்தெளிப்பான்கள்: இயங்குகின்றன.
காற்றுத்திரை: தொங்குகிறது.
எல்லாக் கட்டத்திலும் ஒரே பேனா, ஒரே அவசரம்.

சாமணத்தால் எடுத்தேன்.
வெள்ளை.
ஆற்றில் ஞானஸ்நானம் எடுக்கப் போன காலையில்
என் மகளின் அங்கிகூட
இவ்வளவு வெள்ளையாய் இருந்ததில்லை.

நிலக்கரிச் சுவரைக் கடித்துத் துப்பும் இயந்திரத்தின்
பக்கத்தில் இரவு முழுக்க நின்றவன்
பனியையா சுவாசித்தான்?

விளக்கடியில் வைத்துப் பெருக்கிப் பார்த்தேன்.
ஓரத்தில் மஞ்சளாய் ஒரு துணுக்கு.
கந்தகம் என்றுதான் முதலில் நினைத்தேன்.
ஊசிமுனையால் தொட, உதிர்ந்தது.
சோளரொட்டி.

ஆக, பம்பு அன்றிரவு
சாப்பாட்டுப் பெட்டிக்குள் இருந்திருக்கிறது.
மூடி போட்டு,
பாதி கடித்த ரொட்டிக்கும் ஆப்பிளுக்கும் நடுவே
நல்ல காற்றை இழுத்துக்கொண்டு.
பெட்டிக்கு வெளியே அவன் இருந்திருக்கிறான்.

யார் வைக்கச் சொன்னது என்று தாளில் இல்லை.
திரையைச் சுருட்டிக் கட்டிவிட்டால்
வண்டி சட்டென்று திரும்பும், டன் கூடும் என்று
என் கொழுந்தன் ஒருமுறை சொன்னான்,
இரண்டு வார்த்தைக்கு ஒருதரம்
நின்று நின்று.

படிவத்தில் ஒரு கட்டம்: அயற்பொருள்.
வழக்கமாக 'இல்லை' என்று எழுதுவேன்.
அன்றைக்கு 'ரொட்டி' என்று எழுதினேன்.
மேலதிகாரி கூப்பிட்டு, என்ன வேடிக்கை இது என்றார்.
துணுக்கை ஒரு உறையில் போட்டு
அவர் மேசையில் வைத்தேன்.
தும்மிவிடாதீர்கள் என்றேன்.

ஏழு வாரம் கழித்து
அதே சுரங்கம், அதே இயந்திரம், அதே ஷிஃப்ட்.
சிமிழைத் திறந்ததும்
கையுறையில் ஒட்டியது கருப்பு.
யோக்கியமான கருப்பு.
சிரித்தேவிட்டேன், தராசு கலைந்தது.

அப்புறம்தான் பெயரைப் பார்த்தேன்.
டாக்கெட் இல்லை.
டேரன் ஸ்டம்போ, வயது இருபத்து மூன்று.

மறுபடி எடை போட
மூச்சை அடக்கினேன்.
எண் நின்ற பிறகும்
கொஞ்ச நேரம் விடவில்லை.