மூக்குக் கிளிப்

"ஊதுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும்" —
நாளைக்கு முப்பது முறை கத்துவது என் வேலை.
தண்டையார்பேட்டை, இரண்டாவது மாடி, ஏ.சி. ஓடாத அறை.

கிளிப் மாட்டியதும்
செஞ்சம்மாவுக்குக் கண் விரிந்தது.
வாயால மூச்சு விடும்மா என்றேன்.
வாயாலயா?

எண்ணூர்க் கழிமுகத்தில் முப்பது வருஷம்
வாய் இறால் பறிக்கு.
பல்லில் அதைக் கவ்விக்கொண்டு
சேற்றில் கை துழாவும்போது
தண்ணீருக்கு மேலே மூக்கு மட்டும்.
அனல்மின் சாம்பலும் அந்த வழியாகத்தான் போனது.

எக்ஸ்ரேயில் காற்றறைகள் தெரியாது,
இடப்பக்கம் கீழே ஒரு மேகம், அவ்வளவே.
நகக்கண்ணில் லேசாக நீலம்.
இறாலின் ரத்தம் அந்த நிறமாம்.

குழாயை நீட்டினேன்.
பழக்கத்தில் பல்லால் கவ்வினாள்.
ஊத ஊத
கைகள் தாமாக மேசைமேல் விரிந்து
என் பேனாவை, ஸ்டேப்ளரை, டீ கிளாஸை
ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து
வேண்டாமென்று விட்டன.

கோடு ஏறியது, உடனே படுத்தது.
நாற்பத்தொரு விழுக்காடு.
எப்படிச் சொல்வதென்று
ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிளிப்பைக் கழற்றி
என் கையில் வைத்தவள்
ஒரு தடவை உறிஞ்சினாள், ஆழமாக,
அவளால் முடிந்த ஆழம்.

"இன்னாம்மா,
மத்தியானம் நெத்திலியா துன்ன?"